காது கொடுத்துக் கேட்கிற டாக்டரும் இரண்டு மணி நேர நாற்காலியும்

போன வாரம் தோழி ஒருத்தி போனில் கேட்டாள். "உன் டாக்டர் நல்லாக் காது கொடுத்துக் கேட்பாராமே, நானும் அவர்கிட்டயே மாறிடட்டுமா?" கேட்ட நேரம் சரியில்லை. அன்று காலைதான் அந்த டாக்டரின் அறை வாசலில் 2 மணி 10 நிமிடம் உட்கார்ந்துவிட்டு வந்திருந்தேன். பத்தரைக்கு அப்பாயின்ட்மென்ட். உள்ளே கூப்பிட்டது பன்னிரண்டு நாற்பதுக்கு. இடுப்பு வலி என்று போனவள் கழுத்து வலியையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வந்தேன். "வேண்டாம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டேன். அவள் விடுகிற ஆள் இல்லை. "ஏன் வேண்டாம்?" என்றாள். ஐந்து வருட அனுபவத்தைப் போனில் சொல்லித் தீராது, எழுதி அனுப்புகிறேன் என்றேன். இதுதான் அது. இன்னும் கோபம் முழுதாக ஆறவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு 72 வயது. பிரஷர், சர்க்கரை இரண்டும் உண்டு. இந்த வயதில் அது விசேஷமில்லை.

இதற்கு முன் பார்த்த டாக்டரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. கெட்டிக்காரர், நேரம் தவறாதவர். ஆனால் நான் வாயைத் திறந்ததுமே அவருக்கு விடை தெரிந்துவிடும். "காலையில எழுந்தா தலை..." என்று ஆரம்பித்தால் "சுத்துதா? வயசாச்சில்ல" என்று சீட்டில் பேனா ஓடத் தொடங்கிவிடும். மகன் கூட வந்திருந்தால் அவனிடம் கேட்பார்: "அம்மாவுக்குத் தூக்கம் எப்படி?" நான் பக்கத்து நாற்காலியில்தான் இருப்பேன். என் தூக்கத்தைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்? "பரவாயில்லை டாக்டர்" என்பான். என் தூக்கம் பரவாயில்லை என்று பதிவாகிவிடும். வீட்டுக்கு வந்து விடிய விடிய விழித்துக் கிடப்பேன்.

இந்த டாக்டரிடம் முதல் நாள் போனபோதும் மகன் கூட வந்தான். பழக்க தோஷம், அவனே பேச ஆரம்பித்தான். டாக்டர் அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டு நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். "நீங்க சொல்லுங்கம்மா." நான் தலைசுற்றலைச் சொன்னேன். சொல்லிவிட்டு, வழக்கப்படி அவர் குறுக்கே வருவார் என்று நிறுத்தினேன். அவர் வரவில்லை. கை கீபோர்டுக்குப் போகவில்லை. கொஞ்சம் பொறுத்து ஒரே ஒரு சொல்: "அப்புறம்?"

அந்த "அப்புறம்?" இருக்கிறதே, அதற்காகத்தான் ஐந்து வருடமாகப் போகிறேன். கால் வீக்கத்தைச் சொன்னேன். அப்புறம்? ராத்திரி மூன்று நான்கு தடவை எழுந்து பாத்ரூம் போவதைச் சொன்னேன். அப்புறம்? யாரிடமும் சொல்லாத ஒன்றையும் சொன்னேன். டம்ளரைப் பிடித்தால் வலது கை நடுங்குகிறது, நாலு பேர் முன்னால் தண்ணீர் குடிக்கக் கூச்சமாக இருக்கிறது என்று. மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்கே அது புதிய செய்தி.

நோயாளியைப் பேசவிட்டால் ஒரு நாள் போதாது என்று டாக்டர்கள் பயப்படுவார்கள் போல. அந்த அளவுக்கு ஒன்றுமில்லை. 1984இல் அமெரிக்காவில் 74 சந்திப்புகளைப் பதிவு செய்து கேட்டுப் பார்த்தார்கள். நோயாளி பேச ஆரம்பித்துச் சராசரியாக 18 விநாடியில் டாக்டர் குறுக்கிட்டிருந்தார். 2002இல் சுவிட்சர்லாந்தில் ஒரு மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவில் இதையே மறுபக்கமாகச் செய்தார்கள். குறுக்கிடாமல் விட்டால் ஒருவர் எவ்வளவு நேரம் பேசுவார்? சராசரி 92 விநாடி. 335 பேரில் 5 நிமிடத்தைத் தாண்டியவர்கள் 7 பேர் மட்டும். நான் அந்த 7 பேரின் ஜாதி என்பதை ஒப்புக்கொள்கிறேன். கேள்வி கேட்ட தோழியும் அப்படித்தான். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் பேசி முடித்த பிறகு டாக்டர் கேட்ட கேள்வி எளிமையானது. "இதுல எது முதல்ல வந்தது?" யாரும் அதுவரை அப்படிக் கேட்டதில்லை. அடுத்த முறை வரும்போது வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரைகளையும், தூக்கம் வராத நாளில் நானாகப் போட்டுக்கொள்கிற சளி மாத்திரை உட்பட, ஒரு பையில் அள்ளிக்கொண்டு வரச் சொன்னார். பழைய சீட்டுகளையும் கேட்டார். எல்லாவற்றையும் மேசைமேல் கொட்டி, தேதி வாரியாக அடுக்கினார்.

கதை இப்படி விரிந்தது. பிரஷருக்கு அம்லோடிபின் மாத்திரையின் அளவைக் கூட்டியிருந்தார்கள். சில வாரத்தில் கணுக்கால் வீங்கியது. அந்த மருந்துக்கே உள்ள பக்கவிளைவு அது. உடம்பில் நீர் கூடிப்போய் வருகிற வீக்கம் இல்லை. ஆனால் வீக்கத்தைப் பார்த்து நீர் பிரிய ஒரு மாத்திரை எழுதினார்கள். வீக்கம் அப்படியே இருந்தது. ராத்திரி நடைதான் மிச்சம். எழுந்து நின்றால் பிரஷர் இறங்கியது, தலை சுற்றியது. தலைசுற்றலுக்கு இன்னொருவர் சின்னரிசின் எழுதினார். வயதானவர்கள் அதை மாதக்கணக்கில் சாப்பிட்டால் கை நடுக்கம் வரக்கூடும். வந்தது. அடுத்து நடுக்கத்துக்கு ஒரு மாத்திரை எழுதியிருப்பார்கள், நான் வாயைத் திறந்திருந்தால். ஒரு மருந்தின் விளைவைப் புது நோய் என்று எண்ணி இன்னொரு மருந்து கொடுப்பதற்கு 1990களிலேயே தனிப் பெயர் வைத்து மருத்துவ இதழ்களில் எழுதிவிட்டார்கள். என் கோப்பு எழுதியவர்கள் அதைப் படிக்கவில்லை போலிருக்கிறது.

படுக்க வைத்துப் பிரஷர் பார்த்தார்: மேல் அளவு 142. எழுந்து நிற்கச் சொல்லி ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் பார்த்தார்: 114. நின்ற மூன்று நிமிடத்துக்குள் 20 இறங்கினாலே கவனிக்க வேண்டுமாம், எனக்கு 28. அதுவரை எத்தனையோ தடவை என் கையில் பட்டை சுற்றியிருக்கிறார்கள். ஒருவரும் என்னை நிற்கச் சொன்னதில்லை.

சளி மாத்திரையையும் தனியே எடுத்து வைத்தார். வயதானவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளுக்கு 1991இல் மார்க் பியர்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் தொடங்கி வைத்த பட்டியல் ஒன்று உண்டு, இன்றுவரை திருத்தித் திருத்தி வெளியிடுகிறார்கள். தூக்கம் வரவைக்கும் பழைய வகைச் சளி மாத்திரைகள் அதில் இருக்கின்றன. குழப்பம், மலச்சிக்கல், கீழே விழுவது எல்லாம் அதோடு சேர்ந்து வருமாம். ஒவ்வொரு மாத்திரையாகத்தான் மாற்றினார், இரண்டரை மாதம் ஆனது. (படித்துவிட்டு யாரும் தானாக மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். சிலவற்றைத் திடீரென்று நிறுத்தினால் ஆபத்து.) கால் வடிந்தது, தலைசுற்றல் போனது, நடுக்கம் மெதுவாகக் குறைந்தது. இப்போது நாலு பேர் முன்னால் தண்ணீர் குடிக்கிறேன்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் எனக்குப் பெரியது. வயதாகும்போது காதில் முதலில் போவது உச்ச ஸ்தாயி ஒலிகள். குரல் கேட்கும், மெய்யெழுத்துகள்தான் கரைந்துவிடும். அப்போது காலைக்கும் மாலைக்கும் வித்தியாசம் தெரியாது. மாத்திரை விஷயத்தில் இது என்ன கூத்தாகும் என்று யோசித்துப் பாருங்கள். மற்றவர்கள் கத்துவார்கள். கத்தினால் சத்தம் கூடுமே தவிர, எழுத்து தெளியாது. இவர் குரலை உயர்த்துவதில்லை, வெளிச்சத்தில் உதடு தெரியும்படி உட்கார்ந்து நிதானமாகப் பேசுகிறார். கடைசியில் "நான் சொன்னதை எனக்குத் திருப்பிச் சொல்லுங்கம்மா" என்பார். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை ஒப்பிக்கச் சொன்னவள் நான். முதல் தடவை முகம் சிவந்துவிட்டது. திருப்பிச் சொன்னேன். காலை மாத்திரையை மாலை என்றுதான் சொன்னேன்.

சரி, பாராட்டியது போதும்.

மூன்றாம் வருடம் உள்ளங்கால் மதமதப்பு வந்தது. இவரிடம் சொன்னேன். கேட்டார், மிக அழகாகக் கேட்டார். எப்போது, எந்தக் கால், செருப்புப் போட்டாலா போடாமலா என்றெல்லாம் இருபது நிமிடம். கழுத்து எலும்பு, இடுப்பு எலும்பு, சர்க்கரை என்று யோசித்து, சர்க்கரையில் வந்து நின்றார். நாலு மாதம் அப்படியே போனது. அவர் விடுப்பில் இருந்த ஒரு நாள் வேறொரு இளம் டாக்டர் இருந்தார். திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. என் பேச்சில் பாதியைக் கேட்டிருக்க மாட்டார். ஒரே கேள்வி: "மெட்பார்மின் எத்தனை வருஷமா?" சர்க்கரைக்கு நான் சாப்பிடுகிற மாத்திரை அது. பதினான்கு என்றேன். வைட்டமின் பி12 அளவு பார்க்க ரத்தப் பரிசோதனை எழுதினார். நான்கு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். அளவு தரைமட்டம். மெட்பார்மினை வருடக்கணக்கில் சாப்பிட்டால் பி12 குறையலாம் என்பது தெரிந்த விஷயம்தான். ஊசி போட்டார்கள், மதமதப்பு பெருமளவு விட்டது.

அன்றைக்கு எனக்கு வந்த எரிச்சல் யார் மேல் என்று இன்னும் தெரியவில்லை. கேட்காதவர் கண்டுபிடித்துவிட்டாரே என்பதா, கேட்டவர் விட்டுவிட்டாரே என்பதா? இவர் திரும்பி வந்ததும் அதையும் சொன்னேன், கொஞ்சம் காரமாகவே. மழுப்பவில்லை. "நான் பார்த்திருக்கணும், என் தப்பு" என்றார். அதைக் கேட்டதும் என் கோபம் போய்விட்டது. போயிருக்கக் கூடாது என்று வீட்டுக்கு வந்து தோன்றியது.

எல்லாவற்றையும் மன்னிக்கலாம், அந்த நாற்காலியை மன்னிக்க முடியாது. ஐந்து வருடத்தில் ஒரு தடவைகூடக் கொடுத்த நேரத்துக்கு உள்ளே போனதில்லை. நான் போட்ட கணக்குப்படி ஒரு மணி நேரத்துக்குக் குறைந்து காத்திருந்தது மூன்றே முறை. காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. உள்ளே யாரோ ஒருவரிடம் "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கதவு வழியாக அந்தக் குரல் சில சமயம் கேட்கும். என்னிடம் கேட்டால் தேன், இன்னொருவரிடம் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த ஆள் ஏன் சுருக்கமாகச் சொல்லக் கூடாது?

ஒரு நாள் இதை நேரடியாகவே கேட்டுவிட்டேன். "டாக்டர், வயசானவங்களை இவ்வளவு நேரம் உட்கார வைக்கலாமா? இடுப்பு என்ன ஆகும்?" அவர் பேனாவைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். "அப்புறம்?" என்றார். ஏழு நிமிடம் பேசினேன், கடிகாரத்தைப் பார்த்தேன். முழுதும் கேட்டார், குறித்துக்கொண்டார், சிரிக்கவில்லை. வெளியே வந்தபோது எனக்கு அடுத்தவர் என்னை முறைத்த முறைப்பு இன்னும் நினைவில் இருக்கிறது. அதற்குப் பிறகு நாற்காலிகளுக்கு மெத்தை போட்டார்கள். நேரம் மாறவில்லை.

இனித் தோழியின் கேள்விக்கு வருகிறேன். நீ இப்போது பார்க்கிற டாக்டரிடம் 11 வருடமாகப் போகிறாய். நார்வேயில் சுமார் 45 லட்சம் பேரின் பதிவுகளைப் பார்த்திருக்கிறார்கள். ஒரே குடும்ப டாக்டரிடம் 15 வருடத்துக்கு மேல் இருந்தவர்களுக்கு, ஒரு வருடமே இருந்தவர்களை விட, அவசரமாக மருத்துவமனையில் சேர்வதும் இறப்பும் கால்வாசிக்கு மேல், அல்லது அதையொட்டிக் குறைவு. டாக்டர் மாறாததுதான் காரணம் என்று அது நிரூபித்துவிடவில்லை. ஆனாலும் இருக்கிற இடத்திலேயே இரு. உன் டாக்டர் பேசவிடவில்லை என்றால் மூன்றே விஷயத்தைத் தாளில் எழுதி, முக்கியமானதை முதலில் வைத்து, உள்ளே போனதும் அவர் கையில் கொடு. கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு "இன்னொண்ணு டாக்டர்" என்று ஆரம்பிக்காதே. மாத்திரைப் பையைத் தூக்கிக்கொண்டு போ. எது முதலில் வந்தது என்பதை நீயே சொல்லிவிடு. அவர் கேட்டாலும் கேட்பார். நேரத்துக்கு வெளியே வந்துவிடலாம். என் டாக்டர் வேண்டாம். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் போடுகிறேன், அந்த இரண்டும் மெத்தைக்கு.

எழுதி முடிக்கிற நேரத்தில் அவளே போன் செய்தாள். நான் பதில் அனுப்பத் தாமதமானதால் அவளாகவே கூப்பிட்டு அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிட்டாளாம். அடுத்த மாதம் 9ஆம் தேதி, பத்தே முக்காலுக்கு.

எனக்கு அன்றைக்குத்தான், பதினொரு மணிக்கு. முட்டி வலியைச் சொல்வதென்றால் கல்யாணமான வருடத்திலிருந்து ஆரம்பிப்பவள் அவள். தலையணை ஒன்று கொண்டுபோகிறேன்.