சிக்னல் முழுசாக இருக்கிறது, வகுப்பு ஓடவில்லை

ஜெர்மனியிலிருந்து வன்னியில் முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானுக்குப் போயிருந்தேன். மாங்குளத்தில் ஏ9 வீதியை விட்டுத் திரும்பும் வரை போனில் எல்லாம் நன்றாக ஓடியது. காட்டுக்குள் சிக்னல் விட்டுவிட்டு வந்தது, ஊருக்குள் போனதும் முழுக் கோடும் எழும்பி நின்றது. ஆனால் இரவு ஏழு மணிக்கு அக்காவின் மகள் உயர்தரப் பரீட்சைக்கான இரசாயனவியல் ஒன்லைன் வகுப்பில் இருந்தபோது, சமன்பாட்டைப் பாதி எழுதிய நிலையில் ஆசிரியரின் கை அப்படியே நின்றுவிட்டது. குரல் மட்டும் துண்டு துண்டாக வந்தது. "மாமா, இந்த நேரத்தில எல்லாரும் போனிலதான் இருப்பினம்" என்றாள்.

அவள் சொன்னதுதான் காரணம். கோடுகள் சிக்னலின் பலத்தைக் காட்டும், நெரிசலைக் காட்டாது. 20 மெகாஹேர்ட்ஸ் அலைக்கற்றையில் சாதாரண 4ஜி கோபுரத்தின் ஒரு பக்கத்துக்குக் கணக்குப்படி கிடைப்பது அதிகபட்சம் வினாடிக்கு 150 மெகாபிட். அதை அந்தப் பக்கத்து வீடுகள் எல்லாம் பங்கு போட வேண்டும். கொழும்பில் கோபுரங்கள் நெருங்கி நிற்பதால் அதே அலைவரிசையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த முடிகிறது. வன்னியில் கோபுரங்கள் தூரத் தூர நிற்கின்றன.

பக்கேஜைப் பார்த்தபோதுதான் உண்மையிலேயே கோபம் வந்தது. மாதத்துக்குத் தரும் ஜிபியில் பெரும்பங்கு நடுச்சாமத்துக்குப் பிறகுதான் செல்லுமாம். படிக்கிற பிள்ளை இரண்டு மணிக்கு எழும்பிப் பாட வீடியோக்களை இறக்கி வைக்கிறாள். பகல் பங்கு மாதம் முடியுமுன்னே தீர்ந்துவிட, அக்கா கடைக்குப் போய் ரீலோட் போடுகிறார். முழுக் காசையும் வாங்கிக்கொண்டு நித்திரை கொள்ளும் நேரத்துக்கு டேட்டா கொடுப்பது என்ன நியாயம்?

ஜெர்மனியில் 2010இல் 800 மெகாஹேர்ட்ஸ் அலைக்கற்றையை ஏலம் விட்டபோது, இணையம் எட்டாத சிறு ஊர்களுக்கு முதலில் கொடுத்துவிட்டுத்தான் நகரங்களுக்குப் போகலாம் என்று நிபந்தனை வைத்தார்கள். தாழ்ந்த அலைவரிசை அதிக தூரம் போகும், மரங்களையும் சுவர்களையும் தாண்டும். வன்னிக்கு அளந்து செய்தது போன்ற ஏற்பாடு இது. இலங்கையில் அலைக்கற்றையை ஒதுக்குவது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. அலைக்கற்றை மக்களின் பொதுச் சொத்து; உரிமம் கொடுக்கும்போதே முல்லைத்தீவு மாவட்டத்தில் எத்தனை கோபுரம், எந்த ஆண்டுக்குள் என்று எழுதி வாங்க வேண்டும்.

ஊருக்குப் போகிறவர்கள் ரௌட்டரைக் கோபுரம் இருக்கும் பக்கத்து யன்னலில் வைத்துப் பாருங்கள். வீடியோவின் தரத்தை 480p அளவுக்குக் குறைத்தால் பகல் ஜிபி இன்னும் சில நாள் தாங்கும். நாங்கள் கூரைக்கு மேல் அன்டெனாவும் பூட்டினோம். பகலில் நல்ல வித்தியாசம் தெரிகிறது, ஏழு மணி வகுப்பு மட்டும் இன்னும் நின்று நின்றுதான் ஓடுகிறது.