போத்தலில் கறுப்பதும் தாங்கியில் கறுப்பதும்

நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்து வந்த மச்சான் வேப்புக்கு, அதாவது மின்சிகரெட்டுக்கு, ஊற்றும் திரவத்தில் இரண்டு போத்தல் கொண்டுவந்தார். ஒன்று வனிலா கஸ்ரட், மற்றது மின்ற். இரண்டிலும் நிக்கொட்டின் ஒரே அளவு. கொடியேறிய அன்று இரண்டுமே தெளிவாகத்தான் இருந்தன. 25 நாள் கழிந்து கொடியிறங்கும்போது மின்ற் இளமஞ்சள், வனிலா பிளேன்ரீ நிறம். "பழசைத் தலையில கட்டிப்போட்டான்" என்று கடைக்காரனைத் திட்டினார்.

கடைக்காரன்மேல் பிழையில்லை. சுத்தமான நிக்கொட்டினுக்கு நிறமே கிடையாது. காற்றும் வெளிச்சமும் சூடும் பட்டால் அது மஞ்சளாகி, அப்புறம் பழுப்பாகும். வனிலா வாசத்தைத் தரும் வனிலின் கூட இருந்தால் இன்னும் கெதியாகக் கறுக்கும். மச்சானோ போத்தல்களை ஸ்கூட்டர் இருக்கைக்குக் கீழே வைத்து ஆவணி வெயிலில் ஊரெல்லாம் திரிந்திருக்கிறார். இப்படி நிறம் மாறியதற்காக மட்டும் திரவத்தைக் கொட்ட வேண்டியதில்லை. மணமோ சுவையோ கெட்டிருந்தால் கொட்டிவிடுங்கள்.

வேப்பில் திரவம் ஊற்றி வைக்கும் தாங்கிக்குள் கறுப்பது வேறு கதை, அதற்குத்தான் பயப்பட வேண்டும். இனிப்புத் திரவங்களில் பெரும்பாலும் சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்பைச் சேர்ப்பார்கள். மற்றவை ஆவியாகிப் போக, அது திரவத்தைச் சூடாக்கும் கம்பிச்சுருளான கொயிலிலேயே தங்கிக் கருகும். பனங்கட்டி காய்ச்சுகிற தாச்சியின் அடியைப் பார்த்தவர்களுக்கு விளங்கும்: முதலில் பொன்னிறப் பாகு, பிறகு சுரண்டினாலும் வராத கரி. கொயிலுக்குத் திரவத்தை உறிஞ்சிக் கொடுக்கும் பஞ்சை அந்தக் கரி அடைத்தால் திரவம் ஊறாது. வறண்ட பஞ்சு சூடாகும்போது ஃபோர்மல்டிஹைட் போன்ற நஞ்சுகள் கூடுதலாக உண்டாகும். கருகல் சுவையைச் சகித்துக்கொண்டு இழுக்கவே கூடாது.

எது எதுவென்று பிரித்தறிய ஒரு வெள்ளை ரிஷ்யூ போதும். போத்தலிலிருந்து ஒரு துளி, தாங்கியிலிருந்து ஒரு துளி, பக்கத்தில் பக்கத்தில் விடுங்கள். இரண்டும் ஒரே நிறமென்றால் திரவம் தானாக மாறியிருக்கிறது. தாங்கித் துளி மட்டும் கறுப்பென்றால், அதுவும் நடுவில் பொடிப்பொடியாகக் கரி தெரிந்தால், கொயில் முடிந்துவிட்டது.

கொயிலைக் கழுவுவதா, மாற்றுவதா? கழுவினால் காசு மிச்சம் என்பார்கள். நானும் ஐசோபுரோப்பைல் அல்ககோலில் ஊறவைத்து, சுடுநீரில் அலசி, ஒரு நாள் முழுக்கக் காயவைத்துப் பார்த்தேன். இரண்டு நாள் நன்றாக இருந்தது, மூன்றாம் நாள் பழைய கருகல். மாரியில் பஞ்சு ஒழுங்காகக் காய்வதுமில்லை. கழுவ வேண்டியது தாங்கியையும் வாய்முனையையும்; கொயிலை மாற்றுவதே சரி. மின்ற் பாவித்தால் தாங்கியை வாரம் ஒருமுறை கழுவினால் போதும், கொயில் இரண்டு மூன்று வாரம் ஓடும். கஸ்ரட் பாவித்தால் ஒரு வாரம் போவதே பெரிய காரியம். புதுக் கொயிலில் திரவம் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்ட பிறகே இழுக்க வேண்டும்.

ஒருமுறை பாவித்து எறிகிற வகையில் கழுவ ஒன்றுமில்லை. ஆனால் உள்ளே லித்தியம் பற்றரி இருக்கிறது. வளவில் குப்பை கொளுத்தும்போது அதையும் சேர்த்துப் போடாதீர்கள், வெடிக்கும்.

நான் பல வருடம் சிகரெட் பிடித்து இதற்கு மாறியவன். புகைப் பழக்கமே இல்லாத தம்பிமார் இதைத் தொட வேண்டாம் என்று மனதாரக் கேட்கிறேன்.

குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் கறுக்காது என்று மச்சான் அந்தப் போத்தல்களை நெல்லிரசத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். வீட்டில் நாலு வயதுப் பிள்ளை. நிக்கொட்டின் திரவம் கொஞ்சம் வயிற்றுக்குள் போனாலே சின்னப் பிள்ளைக்கு உயிராபத்து, தோலில் பட்டாலும் உடம்புக்குள் ஊறும். அன்றைக்கே எடுத்து அலுமாரியின் மேல்தட்டில் இருட்டில் வைத்துப் பூட்டி, திறப்பை அக்காவிடம் கொடுத்தேன்.