ஆறு வருடம், இரண்டு ஆடி, ஒரு சவர பிளேடு

கண்ணுக்குத் தெரியாத காற்றோட்டத்தைப் படமாக்கும் எங்கள் ஆய்வகத்து ஷ்லீரன் அமைப்பை ஆறு வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஆறு அங்குலப் பரவளைய ஆடிகள் இரண்டு, ஒரு எல்இடி, ஒரு கேமரா, கேமராவுக்கு முன்னால் ஒரு சவர பிளேடு. மாக் 2 நாசிலிலிருந்து, அதாவது ஒலியைப்போல் இரு மடங்கு வேகத்துக்கான குழல்வாயிலிருந்து, சீறும் காற்றைப் படம்பிடிக்க இவ்வளவுதான்.

காற்றின் அடர்த்தி மாறும் இடத்தில் ஒளி ஒரு மயிரிழை வளையும். வளைந்தது பிளேடில் மோதினால் அந்த இடம் இருட்டு, விலகித் தப்பினால் வெளிச்சம். 1864 வாக்கில் ஆகஸ்ட் டோப்லர் கொடுத்த வித்தை இது (ஒலிக்குப் பெயர்போன டாப்ளர் வேறு ஆள்). 1886-இல் எர்ன்ஸ்ட் மாக், பீட்டர் சால்ஷர் என்ற இரு இயற்பியலாளர்கள் பாயும் தோட்டாவின் அதிர்ச்சி அலையை (காற்று சட்டென்று அமுங்கும் மெல்லிய முகப்பை) பிடித்ததும் இதே வழியில்தான்.

பிளேடு விஷயத்தில் நான் நிறைய ஏமாந்தேன். படம் பளிச்சென்று வரட்டும் என்று ஒளியை முக்கால்வாசி மறைத்துவிடுவேன். மெல்லிய அலைகள் அழகாகத் தெரியும். வலுவான அலை இருக்கும் இடம் மொத்தமும் மை பூசினாற்போல் கறுத்துவிடும். இப்போது பாதிக்கு மேல் போவதில்லை. அப்புறம், பிளேடை நிமிர்த்தி வைத்தால் ஒரு படம், படுக்க வைத்தால் வேறு படம். கீழ்ச்சுவரை ஒட்டி மெதுவாக ஓடும் காற்று அடுக்கு (எல்லைப்படலம்) வேண்டுமென்றால் படுக்க வையுங்கள்.

எல்இடியைத் தொடர்ந்து எரியவிட்டால் நிலையான அலைகள் மட்டும்தான் கிடைக்கும். காற்று வினாடிக்கு 500 மீட்டர் ஓடுகிறது; ஒரு மைக்ரோவினாடியில் அரை மில்லிமீட்டர். நகரும் சுழல்கள் கலங்காமல் வேண்டுமென்றால் மிகக் குறுகிய நேரமே மின்னும் துடிப்பு விளக்குக்குக் காசு செலவழித்தே ஆக வேண்டும்.

குறை என்றால் முதலில் ஏசி. அது ஓடினால் படம் முழுக்கப் புகை நெளிவதுபோல இருக்கும், அணைத்துவிட்டு வியர்க்க வேண்டியதுதான். பக்கச் சாளரத்துக்கு அக்ரிலிக் போதும் என்று கடைக்காரர் சொன்னதை நம்பினோம். அதன் உள்வரிகள் ஆற்றுமணல் தடம்போல ஒவ்வொரு படத்திலும் விழுந்தன. நல்ல கண்ணாடி போட்ட பிறகுதான் நிம்மதி. ஆடியில் தூசி படிந்தால் ஊதுங்கள், துடைக்காதீர்கள். ஒரு மாணவர் சட்டை நுனியால் துடைத்த கீறல் இன்றும் இடது மூலையில் வருகிறது.

பிளேடுக்குப் பதில், புள்ளிகள் அச்சிட்ட தாளைப் பின்னால் வைத்து, அவை எவ்வளவு விலகித் தெரிகின்றன என்று கணினியில் கணக்கிடும் முறையையும் பார்த்தோம். செலவு குறைவு, சரி. ஆனால் அலையின் கூர்மை மழுங்கிப்போகிறது.

தினமும் கம்ப்ரஸரைப் போடும் முன் ஒளிப்பாதையில் உள்ளங்கையை நீட்டுவேன். விரல்களிலிருந்து சூடு இழையிழையாக எழும்பினால் வேலை தொடங்கும். எழும்பாவிட்டால் முதலில் பிளேடைத்தான் பார்ப்பேன்.