கினிகத்தேனை ஏற்றத்தில் மிஸ் அடித்த கார்

ஏழு வருடத்துக்குப் பிறகு இந்த முறை இலங்கை மலையகத்தில் இருக்கிற தலவாக்கலைக்குப் போய் வந்தேன். கட்டுநாயக்காவில் இறங்கியது, கொழும்பில் இரண்டு நாள் தங்கியது எல்லாம் நல்லபடியாக நடந்தன, அதை விடுங்கள். நான் சொல்ல வந்தது மாமா மகனுடைய காரைப் பற்றி.

கித்துல்கல தாண்டும்வரை ஒரு குறையும் இல்லை. கினிகத்தேனை ஏற்றம் தொடங்கியதும் உதறல். நாலு பேர் தூக்கிய பல்லக்கில் ஒருவர் தோளை விட்டதுபோல ஒரு இழுப்பு. எஞ்சின் லைட் விட்டுவிட்டு மினுக்கியது. அந்த லைட் நிலையாக எரிந்தால் மெதுவாகப் போய்ப் பார்க்கலாம். மினுக்கினால் எரியாத பெற்றோல் புகைக்குழாய்ப் பக்கம் போகிறது, அங்கே புகையைச் சுத்தமாக்குகிற கெட்டலிட்டிக் கன்வர்ட்டர் சூடேறிக் கெட்டுவிடும். பின்சீட்டில் அம்மா, பின்னால் ஹோர்ன் அடிக்கும் பஸ், ஒதுங்க இடமில்லாத வளைவு.

வழியில் பெரிய போர்டு போட்ட கராஜ் ஒன்றில் நிறுத்தினோம். காரின் கம்பியூட்டரில் பதிவான பழுது இலக்கத்தைப் படிக்கிற ஸ்கேனரை மாட்டினார்கள். பி0302 என்று வந்தது. இரண்டாவது சிலிண்டர் மிஸ் அடிக்கிறது, அதாவது அதற்குள் பெற்றோல் சரியாக எரியவில்லை என்பதுதான் அதன் அர்த்தம். பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கிற கொயிலா, பொறி போடுகிற பிளக்கா, பெற்றோல் தெளிக்கிற இன்ஜெக்டரா, சிலிண்டருக்குள் அழுத்தம் குறைந்த கம்ப்ரெஷன் கோளாறா என்று அந்த இலக்கம் சொல்லாது. ஆனால் பொனட்டுக்குள் கையே வைக்காமல் நாலு கொயில், நாலு பிளக், இன்ஜெக்டர் கிளீனிங், பெற்றோல் பம்ப் என்று எழுதி, ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் என்றார்கள். ஏன் நாலும் என்று கேட்டேன். “கம்பியூட்டர் அப்படித்தான் காட்டுது சேர்.” எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. தெரியாது என்று சொல்லியிருந்தால்கூட மதித்திருப்பேன்.

பெடலை மெல்ல மிதித்து, ஊர்ந்து ஊர்ந்து ஹட்டன் வந்தோம். டவுனுக்குக் கொஞ்சம் கீழே ஒரு தகரக் கொட்டகை. இருபத்தைந்து வயசுகூட இருக்காத ஒரு தம்பி வெளியே வந்து, ஸ்கேனரை எடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டார். “நிக்கும்போதும் மிஸ் அடிக்குதா அண்ணே, ஏத்தத்துல மட்டுமா?”

ஏற்றத்தில் மட்டும்தான். அதில்தான் பாதிப் பதில் இருந்தது. ஏற்றத்தில் மிதிக்கும்போது சிலிண்டருக்குள் காற்றும் பெற்றோலும் நெருக்கமாக அடைபடும். அந்த அழுத்தத்தில் பிளக்கின் இடைவெளியைப் பொறி தாண்ட அதிக வோல்ட் வேண்டும். நோஞ்சான் கொயில் சமதரையில் தப்பித்துவிடும், மலையில் மாட்டிக்கொள்ளும்.

அப்புறம் அவர் செய்த வேலைதான் எனக்கு மறக்காது. இரண்டாவது சிலிண்டரின் கொயிலைக் கழற்றி நாலாவதில் போட்டார், நாலாவதை இரண்டாவதில். ஸ்கேனரால் அந்தப் பழைய இலக்கத்தை அழித்துவிட்டு, “வாங்க, ஒரு ரவுண்டு போவோம்” என்று மேட்டில் ஏற்றினார். பழைய உதறல். இப்போது வந்தது பி0304. “பாத்தீங்களா அண்ணே, கொயில் போன எடத்துக்கே மிஸ்ஸும் போயிருச்சு.”

எங்கள் அப்பா தோட்டத்தில் துரையின் ஜீப் ஓட்டியவர். அது மிஸ் அடித்தால் எஞ்சின் ஓடும்போதே பிளக் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றுவார். எதைக் கழற்றும்போது சத்தம் மாறவில்லையோ அதுதான் செத்த சிலிண்டர். மழை நாளில், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து துணியால் துடைப்பார். அந்தத் தம்பி பிறக்கும் முன்பே அந்த ஜீப் போய்விட்டது, ஆனால் யோசிக்கிற விதம் அப்படியே இருந்தது. அம்மாவும் காருக்குள் இருந்தபடி அதையேதான் சொன்னார்.

நான் இருக்கிற டொரொண்டோவில் சாவியைக் கவுன்டரில் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார வேண்டும். என்ன பழுது என்று கண்டுபிடிப்பதற்கே ஒரு மணி நேரக் கூலி பில்லில் ஏறும். பொனட்டுக்குப் பக்கத்தில் என்னை யாரும் விட்டதில்லை. இங்கே அவரே கூப்பிட்டு டோர்ச் அடித்துக் காட்டினார். பிளக் குழிக்குள் எண்ணெய். எஞ்சினின் மேல்மூடியான டெப்பட் கவரின் ரப்பர் பெக்கிங் காய்ந்து கசிந்திருக்கிறது, அதில் ஊறித்தான் கொயிலின் ரப்பர் கெட்டிருக்கிறது. “கொயில மட்டும் மாத்துனா திரும்பவும் வருவீங்க அண்ணே.”

ஒரு கொயில், நாலு பிளக், ஒரு கவர் பெக்கிங். ஸ்பெயார்பார்ட்ஸ் கடைக்கு அவரே ஆள் அனுப்பினார். கூலியோடு முப்பத்திரண்டாயிரம். பழைய சாமான்களைப் பேப்பரில் சுற்றிக் கையில் கொடுத்தார்.

மறுநாள் நானுஓயா வழியாக நுவரெலியாவுக்கு ஏறினோம், 1,868 மீற்றர். ஒரு உதறல் இல்லை. போகும்போதெல்லாம் அந்த முதல் கராஜ்தான் மனதில் வந்துகொண்டிருந்தது. அவர்களிடமும் ஸ்கேனர் இருந்தது. ஒரு கொயிலைப் பிடித்திருப்பது ஒரே ஒரு 10 மில்லிமீற்றர் போல்ட்.