தோட்டத்துச் சாளைக்கு எந்த பேட்டரி: ட்யூபுலரா, லித்தியமா?

ஈ.பி. லைன் எட்டாத தோட்டத்துச் சாளைக்கோ (தோட்டத்திலேயே இருக்கும் சிறிய வீடு), நாலைந்து நாள் வெளியிலேயே தங்குகிற வேனுக்கோ சோலார் போட நினைப்பவர்கள் முதலில் பேனலைத்தான் விசாரிக்கிறார்கள். பேனலில் பெரிதாக ஏமாறிவிட முடியாது. பணம் கரைவது பேட்டரியில்தான். 2024-ல் மத்திய அரசு தொடங்கிய, கூரை சோலாருக்கான பி.எம். சூர்ய கர் மானியமும் ஈ.பி. இணைப்பு உள்ள கூரைகளுக்கு மட்டுமே. லைன் இல்லாத இடத்தில் ஒவ்வொரு ரூபாயும் நம் கையிலிருந்து போகிறது. அதனால் இதை நன்றாக அலசிப் பார்க்கத்தான் வேண்டும்.

என் பக்கம் எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆள் குடியிருக்கும் சிறிய வீட்டுக்கு லித்தியம், அதிலும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. ட்யூபுலருக்கும், அதாவது ஆசிட்டும் ஈயத் தட்டும் உள்ள பழைய லெட் ஆசிட் வகைக்கும், நியாயமான இடம் ஒன்று உண்டு, அதற்கும் வருகிறேன்.

முதலில் ஒரு நாள் செலவு. 9 வாட் எல்.இ.டி. மூன்று, 5 மணி நேரம் எரிந்தால் 135 வாட்-அவர் (1,000 வாட்-அவர் ஒரு யூனிட்). கரன்ட் கம்மியாக எடுக்கும் 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் 10 மணி நேரத்துக்கு 300. 50 வாட் டி.வி. 3 மணி நேரத்துக்கு 150. செல்போன்களுக்கு 30. மொத்தம் 615, முக்கால் யூனிட்கூட இல்லை. பழைய 75 வாட் ஃபேன் ஓடினால் அது ஒன்றே 750 தின்றுவிடும். ஆகவே பேட்டரி வாங்கும் முன் ஃபேனை மாற்றுங்கள். இன்வெர்ட்டரையும் கவனியுங்கள்: எதுவும் ஓடாதபோதே 15 வாட் இழுப்பது என்றால் 24 மணி நேரத்தில் 360 வாட்-அவர் வீண். லைட்டையும் ஃபேனையும் பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் டி.சி.யிலேயே ஓட்டிவிட்டு, மிக்ஸிக்கும் டி.வி.க்கும் மட்டும் இன்வெர்ட்டரைப் போட்டு அணைப்பது நல்லது.

இப்போது பேட்டரிக்கு வருவோம். கடையில் 150 ஏ.ஹெச். (ஆம்பியர்-அவர்; இதை வோல்ட்டால் பெருக்கினால் வாட்-அவர்) ட்யூபுலரையும் 100 ஏ.ஹெச். லித்தியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் முதலாவது பெரியதாகத் தெரியும். கணக்கு வேறு மாதிரி. 12 வோல்ட் ட்யூபுலரில் இருப்பது 1,800 வாட்-அவர். ஆயுளைக் காப்பாற்ற வேண்டுமானால் பாதிக்கு மேல் இறக்கக்கூடாது, ஆக 900. லித்தியம் 12.8 வோல்ட், 1,280 வாட்-அவர். எண்பது சதவீதம் தாராளமாக எடுக்கலாம், 1,000-க்கு மேல் வந்துவிடும். அதாவது சிறியதுதான் அதிகம் தருகிறது. பாதி வரை இறக்கி ஏற்றினால் ட்யூபுலர் சுமார் 1,200 முதல் 1,500 தடவை தாங்கும். நல்ல லித்தியம் 2,000-க்குக் குறையாது, 3,000-ஐத் தாண்டுவதும் உண்டு. கையில் எண்ணிக் கொடுக்கும்போது லித்தியம் வலிக்கும். ஆனால் விலை ஒன்றரை மடங்குக்குள் இருந்தால், வாழ்நாள் முழுக்கத் தரும் யூனிட்டுக்கு அதுதான் மலிவு.

இதைவிட எனக்குப் பெரிதாகப்படுவது ஐப்பசி, கார்த்திகை அடைமழை. லெட் ஆசிட் பேட்டரி நிறைய வேண்டும். நிறையாமல் கிடந்தால் தட்டுகளில் சல்பேட் கெட்டிப்பட்டுக் கொள்ளளவு குறைந்துகொண்டே போகும். கடைசி இருபது சதவீதம் ஏற மணிக்கணக்காகும், அந்த நேரத்தில் மழைக்கால வெயில் நிலைத்து நிற்காது. இன்னொன்று, 150 ஏ.ஹெச். ட்யூபுலருக்கு 15 ஆம்பியர் அளவில்தான் சார்ஜ் கொடுப்பது வழக்கம். மழை விட்ட இரண்டு மணி நேர வெயிலில் 330 வாட் பேனல் 20 ஆம்பியருக்கு மேல் தரத் தயாராக இருந்தாலும், அதற்குள் முழுதாக வாங்கிக்கொள்ள ட்யூபுலரால் ஆகாது. லித்தியம் 40, 50 ஆம்பியரைக்கூட அலட்டிக்கொள்ளாமல் இழுத்துக்கொள்ளும். ஒரு வாரம் பாதியிலேயே கிடந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது.

பராமரிப்பு தெரிந்த கதைதான். ட்யூபுலரின் ஆறு மூடிகளிலும் மிதவை இறங்குகிறதா என்று பார்த்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், அதனால் ஒற்றை அறை வீட்டில் படுக்கும் இடத்தில் வைக்கவே கூடாது. சூடு இரண்டுக்கும் எதிரி. தகரக் கூரைக்கு அடியில், பரண் மேல் வைக்காதீர்கள். வடக்குச் சுவர் ஓரமாக, தரைக்குப் பக்கத்தில், காற்றோட்டமாக வையுங்கள்.

லித்தியத்தின் குறைகளையும் மறைக்கக் கூடாது. ட்யூபுலர் மெல்ல மெல்லத் தளரும். ஃபேன் வேகம் குறைவதிலேயே விஷயம் தெரிந்துவிடும். லித்தியம் கடைசி வரை 13 வோல்ட்டை ஒட்டியே நிற்கும், பிறகு உள்ளிருந்து பேட்டரியைக் காக்கும் பி.எம்.எஸ். சர்க்யூட் சட்டென்று கட் செய்ய, வீடே இருட்டாகிவிடும். வோல்ட் மீட்டரை நம்பிப் பயனில்லை. உள்ளே போகிற, வெளியே வருகிற கரன்டை அளந்து கணக்கு வைக்கும் ஷன்ட் மீட்டரோ, ப்ளூடூத்தில் சதவீதம் காட்டும் பி.எம்.எஸ்.ஸோ வேண்டும். பி.எம்.எஸ். போய்விட்டால் பக்கத்து ஊர் மெக்கானிக்கால் பெரும்பாலும் ஒன்றும் செய்ய முடியாது. ட்யூபுலரோ எந்தச் சின்ன ஊரிலும் கிடைக்கும், பழையதைப் போட்டால் ஈயத்தின் எடைக்குக் காசும் வரும். போலிகளும் லித்தியத்தில்தான் அதிகம். உண்மையான 100 ஏ.ஹெச். பாஸ்பேட் பேட்டரி பெரும்பாலும் 10 கிலோவை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். தூக்கிப் பாருங்கள், 6, 7 கிலோதான் என்றால் ஸ்டிக்கர் பொய் சொல்கிறது.

கையில் பணம் கம்மி, ஊரில் தெரிந்த மெக்கானிக் இருக்கிறார், தண்ணீர் பார்க்க ஆள் இருக்கிறது, காய்ந்த பூமி, வெயிலுக்குக் குறைவில்லை. இப்படியென்றால் ட்யூபுலரே வாங்குங்கள், தப்பில்லை. சி20 அல்ல, சி10 என்று போட்ட (ஏ.ஹெச். அளவை 20 மணி நேரத்தில் அல்ல, 10 மணி நேரத்தில் இறக்கி அளந்த) சோலார் பேட்டரியாகப் பார்த்து வாங்குங்கள்.

எதை வாங்கினாலும், பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் நிற்கும் சார்ஜ் கன்ட்ரோலரில் கஞ்சத்தனம் கூடாது. பேனலின் பின்னால் உள்ள லேபிளைப் படியுங்கள். இப்போது சல்லிசாகக் கிடைக்கும் 330 வாட் பேனலில் வேலை செய்யும் வோல்ட்டேஜ் 37, 38 என்று இருக்கும், கரன்ட் 9 ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு. விலை குறைந்த பி.டபிள்யூ.எம். வகைக் கன்ட்ரோலர் அந்த 37-ஐ பேட்டரியின் 13-க்கு இழுத்துவிடும். 13 பெருக்கல் 9, சுமார் 115 வாட். மூன்றில் இரண்டு பங்கு போச்சு. கூடுதல் வோல்ட்டேஜைக் கரன்டாக மாற்றித் தரும் எம்.பி.பி.டி. வகை அதே பேனலில் 300 வாட் வரை எடுத்துத் தரும். 18 வோல்ட் சின்ன பேனல் ஒன்றிரண்டு மட்டும் என்றால் பி.டபிள்யூ.எம். போதும். லித்தியத்துக்குப் போடும்போது கன்ட்ரோலரில் லித்தியம் மோடு வைத்து, ஈக்வலைசேஷனை (லெட் ஆசிட்டுக்காக அவ்வப்போது கொடுக்கும் கூடுதல் வோல்ட்டேஜ் சார்ஜ்) அணைத்துவிடுங்கள்.

ஒயரிலும் இதே கதை. 10 மீட்டர் தூரத்துக்கு 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் கொண்டுபோனால், 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) செம்பு ஒயரில் போக வர ஒன்றரை வோல்ட் தொலைந்துவிடும். 6 ஸ்கொயர் போட்டால் 0.6 வோல்ட்தான்.

வேனுக்கு யோசிக்கவே வேண்டாம், லித்தியம்தான். ட்யூபுலர் 50 கிலோவுக்கு மேல், குலுங்கினால் ஆசிட் வேறு சிந்தும். ஆனால் வண்டி இன்ஜினில் ஓடிக் கரன்ட் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து நேராக ஒயர் இழுத்து லித்தியத்தில் கொடுக்காதீர்கள். கிடைக்கிற கரன்டையெல்லாம் அது உறிஞ்சும், ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகிவிடும். நடுவில் கரன்டை அளவோடு விடும் டி.சி. டு டி.சி. சார்ஜர் கட்டாயம். பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் ஃப்யூஸும் இருக்கட்டும்; வண்டி அதிர்ந்து ஒயர் உரசினால் தீயைத் தடுப்பது அதுதான்.