கிட்ஹப்பா, சொந்த சர்வரில் ஃபோர்ஜேயோவா?

எங்கள் சின்ன டீம் வாடிக்கையாளர்களுக்காக எழுதும் மென்பொருள் கோடு முழுவதையும், கோடைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பிலிருந்து எடுத்துவிட்டோம். இப்போது வாடகை சர்வர் ஒன்றில், அதே வேலையைச் செய்யும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளான ஃபோர்ஜேயோ ஓடுகிறது. அதனால் இந்த அலசல் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

வசதி என்று பார்த்தால் கிட்ஹப்தான், பேச்சே இல்லை. 2020 ஏப்ரலிலிருந்து பிரைவேட் ரெப்போவில் (வெளியாருக்குத் தெரியாத கோடுத் தொகுப்பு) எத்தனை பேரைச் சேர்த்தாலும் காசில்லை. புதிதாக வேலைக்கு வருபவருக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்கவும் ஒன்றுமில்லை.

2018-ல் மைக்ரோசாஃப்ட் 750 கோடி டாலருக்கு அதை வாங்கியதிலிருந்தே 'நம் கோடைப் படிப்பார்களோ' என்ற பயம் பலருக்கு. பொதுவில் கிடக்கும் கோடை வைத்து, கோடு எழுதித்தரும் தன் ஏஐ கருவியான கோபைலட்டைப் பயிற்றுவித்தது 2022-ல் வழக்குவரை போனது. ஆனால் நாங்கள் எழுதுவது பில்லிங் மென்பொருள். படிப்பவருக்குத் தூக்கம்தான் வரும். கணக்கை முடக்கிவிட்டால்? 2019-ல் அமெரிக்கத் தடைகளால் ஈரான், கிரைமியா டெவலப்பர்களுக்கு அது நடந்தது. இருந்தாலும், இந்தத் தளங்களுக்கு அடியில் இருக்கும் 'கிட்' என்ற கருவியால் ஒவ்வொரு லேப்டாப்பிலும் கோடின் முழு வரலாறும் இருக்கும், இஷ்யூக்கள் (பிழை, வேலைக் குறிப்புகள்) தான் போகும்.

எங்களை நகர்த்தியது சாவிகள். கோடு தானாக டெப்ளாய் ஆக (சர்வரில் ஏறி ஓட) வேண்டுமென்றால் சர்வர் சாவி, டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, கிளவுட் டோக்கன் எல்லாவற்றையும், கோடைத் தானாகச் சோதித்து ஏற்றும் சிஐ சேவையிடம் கொடுத்து வைக்க வேண்டும். அப்படியொரு சேவையான சர்க்கிள்சிஐ அவற்றை என்கிரிப்ட் செய்துதான் வைத்திருந்தது. 2022 டிசம்பரில் அவர்களின் பொறியாளர் ஒருவரின் லேப்டாப்பில் மால்வேர் புகுந்து, இரட்டைச் சரிபார்ப்பு முடிந்து திறந்திருந்த செஷனையே திருடியது. உள்ளே போனவர்கள் ஓடிக்கொண்டிருந்த புராசஸிலிருந்து என்கிரிப்ஷன் சாவிகளையும் எடுத்துவிட்டார்கள். ஜனவரியில் வாடிக்கையாளர்கள் எல்லோரும் எல்லாச் சாவிகளையும் மாற்ற வேண்டியதாயிற்று. அதே 2022 ஏப்ரலில் ஹெரோகு, டிராவிஸ் சிஐ என்ற இரண்டு சேவைகளுக்கும் கிட்ஹப்பைத் திறக்கக் கொடுத்திருந்த டோக்கன்கள் திருடுபோய், அவற்றை வைத்துப் பல நிறுவனங்களின் பிரைவேட் ரெப்போக்கள் இறக்கப்பட்டன. கிட்ஹப்பை யாரும் உடைக்கவில்லை. நாம் அனுமதி கொடுத்த மூன்றாம் ஆள் வழியாக வந்தார்கள்.

இப்போது அந்த சிஐ வேலைகளை ஓட்டும் எங்கள் ரன்னர் தனி மெஷினில், வயர்கார்டு என்ற விபிஎன்னுக்குப் பின்னால் இருக்கிறது. டெப்ளாய் சாவி அதை விட்டு வெளியே போவதில்லை. சர்வர் வாடகைக்கு விட்டவர் நினைத்தால் டிஸ்க்கைப் பார்க்கலாம், அது உண்மைதான். ஆனால் நம்ப வேண்டிய ஆட்கள் குறைந்துவிட்டார்கள்.

பராமரிப்பு நம் தலையில்தான். ஃபோர்ஜேயோ ஒரே பைனரி ஃபைல், எஸ்கியூலைட் என்ற எளிய டேட்டாபேஸோடு சின்ன சர்வரிலேயே ஓடிவிடும். இதே வகையான இன்னொரு மென்பொருள் கிட்லேப், அது கேட்கும் மெமரியைப் பார்த்துத்தான் அந்தப் பக்கம் போகவில்லை. பேக்கப்புக்கு டம்ப் கட்டளை உண்டு, திரும்ப ஏற்றத்தான் கட்டளை இல்லை: ஜிப்பைப் பிரித்து டேட்டாபேஸையும் ரெப்போக்களையும் கையால் அந்தந்த இடத்தில் வைத்து, ஃபைல் உரிமைகளையும் சரிசெய்ய வேண்டும். 2017 ஜனவரியில் கிட்லேப் நிறுவனத்தின் சொந்தத் தளமான கிட்லேப்.காமிலேயே டேட்டாபேஸைத் தவறுதலாக அழித்துவிட்டு, ஒழுங்கான பேக்கப் இல்லாமல் சுமார் ஆறு மணி நேரத் தரவை இழந்தார்கள். அதனால் மாதம் ஒருமுறை வேறொரு மெஷினில் ஏற்றிப் பார்க்கிறோம். அலுப்பான வேலை.

ஐம்பது பேர் உள்ள கம்பெனிக்கு இது ஒத்துவருமா என்று அனுபவத்தில் சொல்ல என்னால் முடியாது. அங்கே கிட்ஹப்பிலேயே இருந்துகொண்டு, நிலையான சாவிகளுக்குப் பதில் ஓஐடிசி என்ற அடையாளச் சரிபார்ப்பு முறை வழியாக, கொஞ்ச நேரத்தில் காலாவதியாகும் டோக்கன் வாங்குவது சுலபமாக இருக்கலாம். எங்கள் ஓப்பன் சோர்ஸ் லைப்ரரிகளும் இன்னும் கிட்ஹப்பில்தான். பேட்ச் (கோடுத் திருத்தம்) அனுப்புகிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.