சிஎஸ்ஐ வீட்டுப் பொண்ணு, ஆர்சி கான்வென்ட்டு: கோத்தகிரி அனுபவம்

நாங்க சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டன்ட்), பொண்ண கோத்தகிரி பக்கம் ஒரு ஆர்சி (ரோமன் கத்தோலிக்க) கான்வென்ட்ல மூணாவது சேர்த்தோம். படிப்பு அருமை, மிஸ்ஸுங்க பொறுமையா சொல்லித் தராங்க. எல்லாரும் கேக்குறது மத விஷயம்தான், அக்டோபர் செபமாலை மாசம்ல, தினமும் மாதா கெபி (மாதா சிலை வச்ச குகை மாதிரி இடம்) முன்னாடி செபம் நடக்கும், இவ சும்மா கைகூப்பி நிப்பா, யாரும் கட்டாயப்படுத்தல. ஆனா கூடப் படிக்கிற பசங்க வெள்ளை கவுன் போட்டு புதுநன்மை (முதல் தடவையா நற்கருணை) வாங்கினப்ப இவ மட்டும் பெஞ்சுலயே உக்காந்திருக்கணும், வீட்டுக்கு வந்து ஒரே அழுகை. சிஸ்டரே மறுநாள் கூப்பிட்டு, உங்க சபைல திடப்படுத்தல் (விசுவாசத்த உறுதிப்படுத்துற சடங்கு) ஆனதும் நீயும் நற்கருணை வாங்குவம்மான்னு பக்குவமா சொன்னாங்க, அந்த மனசுக்கே அஞ்சு ஸ்டார். சேர்க்குறதுக்கு முன்னாடியே பிள்ளைகிட்ட இதப் பேசிடுங்க. ஸ்வெட்டர் ரெண்டு வாங்குங்க, மழைல ஒண்ணு காயவே காயாது.